ஒரு லாரி விறகும் ஏழாவது மாடியும்

மண்டாய்க்கு எப்படிப் போவது என்று மூன்று பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மூவருக்கும் மிருகக்காட்சிசாலைதான் வேண்டும். அதற்கு வழி சொல்ல என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது 1963-இல் நான் போன மண்டாய். சீட்டு வாங்கிப் பார்க்கும்படி அங்கே அப்போது எதுவும் கிடையாது. ரப்பர் தோட்டம், பன்றிப் பண்ணை, கீரைப் பாத்திகள், இடையிடையே தகரக் கூரை வீடுகள். என் தம்பி குமாருக்குப் பெண் பார்க்கப் போனோம்.

குமார் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடியில் அவனுக்குப் புது வீடு கிடைத்திருந்தது. வீடு வந்த கையோடு அதில் ஒரு மருமகளையும் குடிவைத்துவிட வேண்டும் என்று எங்கள் சித்தப்பாவுக்கு அவசரம். அம்மா அப்பா இல்லாத அக்கா தம்பி எங்கள் இருவருக்கும் அவர்தான் பெரியவர். ஃபேரர் பார்க்கில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் சொன்ன இடம் இது. பெண் பெயர் ராஜம். அப்பா பெருமாள், ரப்பர் மரம் சீவுகிறவர். மனைவி இறந்து பல வருடமாகிறது, வீட்டில் அப்பாவும் மகளும்தான். ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டார்களாம். "இதுவும் தட்டிப்போச்சுன்னா அந்த மனுஷன் ஒடஞ்சிடுவாரு, பாத்துச் செய்ங்க" என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆளுக்கு முப்பத்தைந்து காசு. சிராங்கூன் ரோட்டில் நாங்கள் நின்றிருந்தபோது ஒரு திருட்டு டாக்சி வந்து நின்றது. உரிமம் இல்லாமல் ஓட்டுகிற டாக்சியை அப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், ஓட்டுகிறவர் உட்பட. "பஸ்ஸுக்கு நின்னா பொழுது போயிடும் லா. ஏறுங்க, ஆளுக்கு அம்பது காசு, நீ சூன் ஊரு தாண்டி ரோட்டு முனையில விட்டுடறேன்" என்றார். சித்தப்பா பதினைந்து காசு வித்தியாசத்துக்கு முகம் சுளித்தார். ஆனால் வெயில் அவரை முதலில் ஏறி உட்கார வைத்துவிட்டது.

தாம்சன் ரோட்டில் கடைகள் முடிந்ததும் மரங்கள் வந்துவிடும். ஊர்ப்பெயர் கேட்டால் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், மைல் கணக்குத்தான் சொல்வார்கள். நாங்கள் பன்னிரண்டாவது மைல் தாண்டி இறங்கினோம். அங்கிருந்து செம்மண் பாதையில் ஒரு மைல் நடை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டு வந்திருந்த சித்தப்பா, பாதையின் பாதியிலேயே இந்தச் சம்பந்தத்தின் மேல் நம்பிக்கை இழந்துவிட்டார்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தால் ஒருவிதப் புளித்த வாடை அடிக்கும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். வழியில் ஐந்தாறு வீடுகளைக் கடந்தோம். எல்லா வீட்டிலும் ஓரமாக விறகு அடுக்கியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கோயில் கட்டுமானத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிற கூட்டம் நாங்கள், விறகு அடுக்கையா பார்ப்போம்?

பெருமாள் வீட்டுத் திருப்பத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது. ஒரு பெண் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கோடாலியைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தாள். எங்களைப் பார்த்தாள். ஓங்கியாயிற்று, இனி என்ன என்பதுபோல் இறக்கினாள். கட்டை இரண்டாகப் பிளந்தது. அதன்பிறகு கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓடாமல் நடந்தே உள்ளே போனாள்.

"இதுவா பொண்ணு?" என்றார் சித்தப்பா.

"பக்கத்து வீட்டுப் பொண்ணா இருக்கும்" என்றேன். பக்கத்தில் வீடே கிடையாது.

டாக்சியின் புண்ணியத்தில் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நின்றிருந்தோம். பெருமாள் மேல்சட்டை இல்லாமல் வெளியே வந்தார். "நாலு மணின்னுல்ல சொன்னாங்க" என்று துண்டைத் தேடினார். உட்கார வைக்க நாற்காலி இல்லை. பன்றிப் பண்ணை வைத்திருந்த சீனர் வீட்டிலிருந்து இரவல் வாங்க ஏற்பாடாம், அவர் நாலு மணிக்குத்தான் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெருமாள் ஓடிப்போய் ஒவ்வொரு நாற்காலியாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். மூன்றாவது நாற்காலி வரும்வரை குமார் நின்றுகொண்டே இருந்தான்.

காபி குடித்து முடித்ததும் பெருமாள் எங்களை வீட்டைச் சுற்றி அழைத்துப் போனார். தகரத் தாழ்வாரத்தின் கீழே, இரண்டு பக்கச் சுவரையும் மறைத்து, ஜன்னல் உயரத்துக்கு விறகு. ஒரே நீளம், ஒரே பருமன், நுனிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில். "ஒரு துண்டு நனைஞ்சிருந்தா சொல்லுங்க" என்றார்.

"இதென்ன, வெறகு யாவாரம் பண்றீங்களா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க. எல்லாம் வீட்டுக்குத்தான். கெழட்டு ரப்பர் மரத்தச் சாச்சாங்கல்ல, கெளையெல்லாம் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. நானும் பாப்பாவும் வெட்டினது."

அந்த ஊரில் ஒரு வீட்டின் லட்சணத்தை விறகில்தான் பார்ப்பார்களாம். ராஜம் பிற்பாடு எனக்குச் சொன்னாள். ஈர விறகு எரிகிற வீட்டில் நாளைய நினைப்பு இல்லை என்று அர்த்தம், அங்கே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் மகளும் வேலை முடிந்து வந்து எங்களுக்காகத்தான் வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். நாங்களோ வீட்டில் மின்விளக்கு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் முகம் பிரகாசமாக இல்லாததைப் பெருமாள் கண்டுகொண்டார். கையிலிருந்த துருப்புச் சீட்டை இறக்கினார். "பொண்ணோட ஒரு லாரி வெறகு அனுப்பிடறேன். ஆறு மாசத்துக்கு நீங்க அடுப்பப் பத்தி நெனைக்கவே வேணாம்."

சித்தப்பா சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை வீடு ஏழாவது மாடிங்க. லிஃப்ட்லயா ஏத்துவீங்க?"

"கீழ ஒரு ஓரமாக் கெடக்கட்டுமே. பின்பக்கம் தாழ்வாரம் இருக்குமில்ல?"

"பின்பக்கம் காத்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கிளம்பத் திரும்பினார். "சரி, யோசிச்சுச் சொல்றோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பெருமாளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை தெரிந்திருந்தது. விறகின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எதிர்வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் சித்தப்பா பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை.

அப்போது ராஜம் வாசற்படிக்கு வந்தாள். முகம் கழுவி, பச்சைச் சேலை மாற்றியிருந்தாள். நேராகக் குமாரைக் கேட்டாள். "அங்க எதுல சமைப்பீங்க?"

"மண்ணெண்ணெய் அடுப்பு" என்றான் குமார். அன்றைக்கு அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "திரியப் பத்தவச்சாப் போதும்."

"வெட்ட வேணாமா?"

"வேணாம்."

"காய வைக்க? மழை வந்தா ஓடிப்போய் மூட?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

"அப்பா, எனக்குச் சம்மதம்" என்றாள்.

குமார் சிரித்தான். "சித்தப்பா, உக்காருங்க" என்றான். அவ்வளவுதான், நிச்சயம் ஆகிவிட்டது. பெருமாள் இரண்டு கையையும் கூப்பினார். பிறகு மெதுவாக, "அப்ப வெறகு வேணாமாம்மா?" என்று கேட்டார். "வேணாம்பா" என்றாள். பாவமாக இருந்தது எனக்கு.

திரும்பும்போது பஸ். என்னடா திடீரென்று தைரியம் என்று குமாரைக் கேட்டேன். "ஓங்கின கோடாலிய நம்மளப் பாத்தும் நிறுத்தல பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றான். சித்தப்பா கடைசிவரை ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. அந்த வீடுகள் எதுவும் இப்போது இல்லை, தேடாதீர்கள். காட்டோரப் பாதைகளில் பழைய ரப்பர் மரங்கள் சில இன்னும் நிற்கின்றன; வெயில் ஏறினால் காய் வெடித்து விதை தெறிக்கும், பயப்பட வேண்டாம். மழை பெய்த மறுநாள் வெள்ளை ஷூ போடாதீர்கள். யார் வீட்டுக்காவது போவதாக இருந்தால், சொன்ன நேரத்துக்குப் போவது மரியாதை. ஒரு மணி நேரம் முன்னால் போனதால் எங்களுக்கு நல்லதுதான் நடந்தது என்றாலும் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு பெருமாள் முதல் தடவை குவீன்ஸ்டவுன் வந்தபோது, பஸ் மாறி மாறி ஒரு கோணிப்பை விறகைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேணாம்னுதானே சொன்னேன்" என்று ராஜம் அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே வாசலுக்கு வெளியே, நடைபாதைச் சுவரோரம், நுனி பிசகாமல் அடுக்கிவைத்தாள். ரப்பர் விறகை நாள்பட வைத்தால் வண்டு துளைக்கும். தினமும் காலையில் கீழே மாவு மாதிரி கொட்டிக் கிடக்கும், தினமும் அவள் கூட்டித் தள்ளுவாள். எரிக்காத விறகுக்கு எதற்கு இந்தப் பாடு, தூக்கிப் போடேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"இருக்கட்டும் அண்ணி" என்றாள். "அப்பா வந்தா மொதல்ல அதத்தான் பாப்பாரு."

அவர் அடுத்த முறை வந்தபோது நானும் அங்கே இருந்தேன். லிஃப்டிலிருந்து வெளியே வந்தவர், எங்கள் யாரிடமும் பேசாமல் அந்த அடுக்கின் முன்னால் குனிந்து, ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஈரம் இல்லை. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.