ஒப்பாரிக்கு ஒன்ஸ் மோர்

எங்கள் குழுவில் மூன்றே பேர். லால்குடிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்து அக்கா பாடுவார். டவுனில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பாய் தப்ஸ் என்கிற சின்னத் தோல்வாத்தியம் வாசிப்பார், அதையும் விரல் நுனியால்தான். கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்து ஷிஃப்டு வேலை பார்க்கும் நான் புல்லாங்குழல். நாட்டுப்புறக் குழு என்றாலே பறையும் தவிலும் ஊரைத் தூக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் எங்களிடம் ஏமாந்துபோவார்கள். நாங்கள் பாடுவது தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி. மைக் கிடையாது. முப்பது நாற்பது பேர் உட்காரும் கூடம் போதும். ஆரம்பிக்கும் முன் நானே எழுந்துபோய் ஃபேனை அணைப்பேன், அந்தச் சத்தம்கூட எங்களுக்கு அதிகம். எங்கள் ரசிகர்கள் எல்லோரும் வியர்த்துக்கொண்டு கேட்டவர்கள்தான்.

ஒப்பாரி முடிந்தால் கைதட்டக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவேன். எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். பாய் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டுவார், அக்கா குடிப்பார், அப்புறம் தாலாட்டு. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டு மாமி, "மத்ததெல்லாம் பேஷா பாடுங்கோ, அது மட்டும் ஆத்துல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் காபியே கொடுத்தார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ஊரிலும் சாவு விழாத வீட்டில் அதை எடுக்க மாட்டார்கள். துக்க வீட்டில் அது தானாக எழும். வெளியூரிலிருந்து புதிதாக ஒருவர் வந்து வாசலில் நின்றால் மறுபடி எழும். அதைக் கேட்டு வாங்கிப் பாடவைக்கிற வழக்கமே கிடையாது.

போன வருஷம் அக்காவின் வீட்டுக்காரர் வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஒரே மகன் கத்தாரில் இருக்கிறான். கம்பெனி லீவு கொடுக்கவில்லை. அப்பா முகத்தை வீடியோவில் காட்டட்டுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அப்பா பேச்சை எடுத்தாலே, "அப்புறம் பேசறேம்மா" என்று போனை வைத்துவிடுவானாம்.

"அவன் இன்னும் அழுவல தம்பி," என்று அக்கா என்னிடம் சொல்வார். "உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

கணவருக்காக அக்கா எடுத்த ஒப்பாரியை அந்த வருஷம் இரண்டு மூன்று கூடங்களில் பாடினார். "மடை தெறக்கப் போன மகராசா, தண்ணி வந்துருச்சு, நீங்க வரலையே" என்று தொடங்கும். மகன் மட்டும் அதைக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் நடக்கிற இசைத் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் ஒரேயடியாக மறுத்தேன். அத்தனை பெரிய மைதானத்தில் யார் போய் ஃபேனை அணைப்பது என்று கேட்டேன். பாயும் தலையைத் தலையை ஆட்டினார், அது சரி என்பதற்கா வேண்டாம் என்பதற்கா என்று கடைசிவரை தெரியவில்லை. அக்காதான் முடிவாகச் சொன்னார்.

"லைவா போடுவாங்களாம்மான்னு அவனே கேட்டான் தம்பி. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, அங்க லீவுதான், பாக்கறேன்னு சொல்லிட்டான். அவங்கப்பாவுக்கு எடுத்ததைத்தான் பாடப்போறேன்னேன். சரின்னான்."

குழலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் அதிர்ச்சி சாயங்காலம் சவுண்டு பார்க்கும்போதே கிடைத்தது. பாய் வழக்கம்போல ஒரு விரலால் தப்ஸைத் தொட்டார். இரண்டு ஆள் உயர ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்த சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. பாய் சட்டென்று கையை எடுத்துவிட்டு, செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். சவுண்டு போர்டில் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, "இந்த பேஸ் இல்லாட்டி பின்னாடி நிக்கிறவங்களுக்குப் போய்ச் சேராதுங்க சார்" என்றார். மரியாதையானவர்தான். கைதட்ட வேண்டாம் என்று அறிவிக்கச் சொன்னபோது நிகழ்ச்சித் தொகுப்பாளரும் மரியாதையாகத்தான் சிரித்தார். ஆனால் அறிவிக்கவில்லை.

நடவுப் பாட்டு எப்படியோ கரையேறியது. அக்கா ஒப்பாரியை எடுத்தார். தலைக்குப் பின்னால் இருந்த திரையில் அவர் முகம் ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. இரண்டாவது வரியில் தப்ஸின் பேஸ் உள்ளே வந்ததும் கூட்டம் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கைதட்ட ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஆடினார்கள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பாயைப் பார்த்தேன். அவரும் கையை எடுத்துவிட்டிருந்தார். அப்படியும் தாளம் நிற்கவில்லை, அது மைதானத்தின் தாளமாகிவிட்டிருந்தது. "நீங்க வரலையே" என்ற இடத்தில் அக்காவின் கண் நிறைந்தது. திரையில் அந்தக் கண்ணீர் தெரிந்ததும் விசில் பறந்தது.

பாட்டு முடிந்தது. "ஒன்ஸ் மோர்" என்று ஒரு குரல் எழுந்தது. அப்புறம் மைதானமே கேட்டது.

செத்தவருக்காகப் பாடியதைத் திரும்பப் பாடு என்று கேட்கிற மனிதர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா கூட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கில், சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார்.

"அவரு ஒரு தடவைதாங்க செத்தாரு."

கூட்டம் சிரித்தது. நல்ல ஜோக்கைக் கேட்டதுபோல, வாய்விட்டு, கைதட்டிக்கொண்டு சிரித்தது. தொகுப்பாளர் ஓடிவந்து, "அக்காவோட டைமிங்குக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க" என்றார். தாலாட்டுக்கு நேரமில்லை என்று எங்களை இறக்கிவிட்டார்கள். பாய் செம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அமைதியான குழுக்களுக்குப் பெரிய மேடை ஒத்துவருமா என்று இப்போதும் நண்பர்கள் கேட்கிறார்கள். வராது என்று பட்டென்று சொல்லிவிடுவேன். அன்று ஆடிய பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த மரியாதை கைதட்டுவதுதான். இது எனக்கும் தெரியும், தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. தூரத்தில் நிற்பவனுக்கும் கேட்கவேண்டும் என்று ஒரு விரல் தொட்டதை இடியாக்கினால், அவனுக்குக் கேட்டது எங்கள் பாட்டே இல்லை.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் வந்து நின்றோம். அக்காவின் போன் அடித்தது. கத்தாரிலிருந்து மகன். அவசரத்தில் அக்கா எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் அவன் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அம்மா, படம் நின்னு நின்னு போச்சும்மா. விசில் சத்தம்தான் கேட்டுச்சு. அப்பா பாட்டு எனக்குக் கேக்கவே இல்ல." பிறகு கேட்டான். "இன்னொரு தடவை பாடுறியாம்மா?"

இவனுமா என்று போனைப் பிடுங்கி வைத்துவிடத் தோன்றியது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா சுற்றிலும் பார்த்தார். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் அணைக்க ஏதாவது சுவிட்ச் இருக்கிறதா என்று தேடினேன். பாய்தான் தன் கார்க் கதவைத் திறந்துவிட்டார். மூவரும் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். பாய் ஏசியைப் போடவில்லை.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார். துக்க வீட்டு வாசலில் பிந்தி வந்து நிற்கிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"இப்பத்தான் வந்தியாப்பா? வா, வந்து உக்காரு."

பிறகு மடை திறக்கப் போனவரை முதல் வரியிலிருந்து எடுத்தார். நாங்கள் வியர்த்துக்கொண்டு கேட்டோம். பாதிப் பாட்டில் அந்தப் பக்கம் அவன் அழ ஆரம்பித்தான். அக்கா நிறுத்தவில்லை.