மணல் பெட்டியும் மாமனாரும்

ஏற்காட்டு மலையில் குடியிருந்துகொண்டு மணற்கல்லை ஆராய்ச்சி செய்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் மலையில் மணற்கல் மருந்துக்குக்கூடக் கிடையாது. எங்கே தோண்டினாலும் கருங்கல்தான். கல்யாணமாகி மஞ்சக்குட்டைக்கு வந்த புதிதில், கல்லைப் படித்த மருமகள் என்று கேள்விப்பட்டுக் கிணறு வெட்டப் போகிறவர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தார்கள். மணற்கல்லுக்குள் பிளவு எப்படி உண்டாகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கல்லூரி வேலைக்கு நான் போன நேர்காணல்கள் எல்லாம் வரிசையாக ஊற்றிக்கொண்டன. கடைசியில் மாமனார் தீர்ப்பு சொன்னார்: "இந்த ஒருக்காப் போயிட்டு வரட்டும். கெடைக்கலீன்னா கல்லை உட்டுட்டு, காபிக்கொட்டை காய வெக்கறதப் பாக்கட்டும்."

என் கணவர் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபிக்கொட்டை மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வருடம் படித்தது அதோடு முடிந்துபோகும் என்று நினைத்தால் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த முறை சேலத்தில் ஒரு கல்லூரி. தேர்வுக்குழுவின் முன்னால் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் யாருக்கும் விளங்காது என்று ஒரு பழைய மீன் தொட்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் தள்ளினால் நகரும்படி ஒரு பலகை. உள்ளே சலித்த வெள்ளை மணலை அடுக்கடுக்காகப் பரப்பி, அடுக்குகளுக்கு நடுவில் கறுப்புக் கோடு தெரிய வேண்டும் என்பதற்காகக் காபித்தூளைத் தூவினேன். பலகையை மெல்லத் தள்ளினால் கோடுகள் ஓர் இடத்தில் அறுந்து, ஒரு பக்கத்து மணல் மறுபக்கத்தின் மேல் சாய்வாக ஏறும். அறுந்த அந்த இடம்தான் பிளவு. வேலை முடிந்தபோது வீட்டில் ஒரு டம்ளர் காபிக்குக்கூடத் தூள் இல்லை. நல்லவேளையாக மாமனார் அடிவாரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

ஒரே ஒரு கவலை. வகுப்பில் நான் தள்ளும்வரை பலகை அசையவே கூடாது. மலைப்பாதையின் வளைவுகளோ மனிதர்களின் குடலையே இடம் மாற்றக்கூடியவை. அதனால் தொட்டியை வெள்ளைத் துண்டில் சுற்றிக் கட்டிக் கணவர் மடியில் வைத்தேன். சேலம் போகும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஏற்கெனவே வளைவில் வயிற்றைப் புரட்டும். கண்ணை மூடி, முகத்தை இறுக்கி, தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எனக்கு வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்த மனிதர், கடவுள் மறந்துவிடப் போகிறார் என்று முந்தின நாளே போட்டுவிட்டு வந்திருந்தார்.

கண்டக்டர் வந்தார். அந்த பஸ்ஸில் அடிக்கடி போகும் மாமனாரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பெரியவரு வரலீங்களா?"

கணவர் கண்ணைத் திறக்காமலே, 'இல்லை' என்று தலையை ஆட்டினார். கண்டக்டர் மொட்டைத் தலையைப் பார்த்தார், வெள்ளைத் துண்டைப் பார்த்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஐயோ, எப்பங்க?" என்றார்.

கணவர் என் பேச்சைக் கேட்டு வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. அப்பாவின் அஸ்தியைக் கரைக்கக் கொண்டுபோகும் மகன் என்று நினைத்துவிட்டார்! சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் டிரைவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அடுத்த வளைவில் பஸ், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் அத்தனை மெதுவாகத் திரும்பியது.

நான் திறந்த வாயைத் திரும்ப மூடிக்கொண்டேன். நானாக ஒரு பொய்யும் சொல்லவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அந்த டிரைவர் அவ்வளவு பக்குவமாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து இருக்கையில் வாழவந்தியிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். மடியில் கீரைக்கட்டு. "கரைக்கறதுக்கு பவானிக்குங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"சேலத்துக்குத்தாங்க" என்றேன். அது உண்மை.

"சேலத்துல எறங்கி பவானி பஸ் புடிப்பாங்க" என்று அவரே பின்சீட்டுக்கு விளக்கினார். பிறகு மூக்கை உறிஞ்சி, "ஏனுங்க, காபி வாசம் வருதுங்களே?" என்றார்.

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரியவருக்குக் காபின்னா உசுருங்க."

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நான் அழுவதாக நினைத்து அந்த அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். இப்படியே வளைவுகளெல்லாம் முடிந்து அடிவாரம் வந்தது. அங்கே ரோட்டோரமாக மஞ்சப்பையும் கையுமாக நின்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார் என் மாமனார்.

டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸே ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. "சாமீ!" என்று அந்த அம்மா அலற, கீரைக்கட்டு முன்சீட்டுக்குப் பறந்தது. கணவரின் முழங்கை பலகையில் போய் இடித்தது.

மாமனார் நிதானமாக ஏறினார். "என்னப்பா, பேயக் கண்டாப்புல பாக்கறே?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

கீரைக்கார அம்மாதான் பதில் சொன்னார். "உங்களத்தாங்க அந்தப் பொட்டியில வெச்சு பவானிக்குக் கொண்டுட்டுப் போறாங்கன்னு நெனச்சோம்."

மாமனார் நேராக வந்து துண்டை விலக்கினார். குனிந்து மோந்து பார்த்தார். செத்துப்போனதாகச் சொன்னதற்கு வராத கோபம் அப்போதுதான் வந்தது. "அட, இது என்ற ஊட்டுக் காபித்தூளு!"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகைக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடுகள் அறுந்து, ஒரு பக்கம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. திரும்பச் சலித்து அடுக்க நேரமும் இல்லை, தூளும் இல்லை. வேலை போயிற்று என்று அங்கேயே அழுதேன், இந்த முறை நிஜமாக. மாமனார் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். காபித்தூள் பேச்சை எடுக்கவில்லை. சேலத்தில் இறங்கியதும் தன் வேலையைப் பார்க்கப் போகாமல் எங்களோடு கல்லூரிக்கு வந்து, வகுப்பின் கடைசி பெஞ்சில் மஞ்சப்பையோடு உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழியில்லாமல் அறுந்துபோன அடுக்குகளை வைத்தே ஆரம்பித்தேன். பெட்டிக்குள் மணல் உதிரியாக இருப்பதால் இப்படிச் சுலபமாக ஒரு கோடு விழுகிறது. மணற்கல் அப்படியல்ல என்றேன். அங்கே அழுத்தம் ஏறும்போது மணல்மணிகள் புரண்டு, நொறுங்கி, இடைவெளிகளை அடைத்துக்கொண்டு நூல் போன்ற ஒரு பட்டை ஆகின்றன. அதில் கல் நகர்வது கொஞ்சமே கொஞ்சம். நொறுங்கி இறுகியதால் அந்தப் பட்டை சுற்றியுள்ள கல்லைவிடக் கெட்டிப்பட்டுவிடும். அதனால் அடுத்த நகர்வு பழைய இடத்தில் நடக்காது, பக்கத்தில் இன்னொரு நூலைப் போடும். அதன் பக்கத்தில் இன்னொன்று. இப்படி நூல்கள் கற்றையாகிக் கற்றை அகன்றுகொண்டே போகும். பிறகு ஒரு கட்டத்தில் கற்றையின் ஓரமாக வழவழப்பான ஒரு தளம் அறுத்துக்கொண்டு போகும். பெரிய நகர்வெல்லாம் அதற்கப்புறம் அந்தத் தளத்தில்தான். பேசப் பேச எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

குழுவின் தலைவியான அம்மையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "நீங்க இன்னும் பலகையத் தொடவே இல்லையே. இந்தப் பிளவு எப்படி வந்தது?"

நான் பதில் தேடுவதற்குள் கடைசி பெஞ்சில் மாமனார் எழுந்துவிட்டார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தது.

"அது என்னாலதானுங்க. நான் கை காட்டப்போய் டிரைவரு பிரேக் போட்டுட்டானுங்க. எங்க புள்ள நொம்பப் பாடுபட்டுச் செஞ்சதுங்க. தூளு எவ்வளவு வேணும்னாலும் நான் கொண்டாந்து தர்றனுங்க. இன்னொருக்காச் செய்யச் சொல்லுங்க. இதுக்காவ அதோட வேலையக் கெடுத்துராதீங்க."

மாணவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மையாரும் சிரித்துவிட்டு, "உக்காருங்கய்யா, உங்க புள்ள நல்லாவே நடத்தறாங்க" என்றார். மாமனார் உட்காரவில்லை. வேலை உண்டு என்று அம்மையார் வாயால் சொல்லும்வரை கைகட்டி நின்றுகொண்டே இருந்தார். தள்ளிக் காட்டுவதற்காகத் தொட்டியின் பலகையில் கை வைத்தேன். கண்ணில் நீர் முட்டி, கண்ணாடிக்குள் இருந்த கோடுகள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.