வாளித் தண்ணீர்

துறைமுகத்தடியில் வீடு காட்டிய தரகர், வெள்ளைச் சட்டைக்காரர். எந்த வாசலிலும் முந்தி ஏறி, “உங்கட வீடுதானே, வாங்கோ” என்று எங்களை வரவேற்பார். வங்கிக் கடன் சரிவந்திருந்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் வீடு வாங்க என் மனைவி சம்மதிக்கமாட்டாள்.

ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளிய வாளியைத் தரகர் என்னிடம் நீட்டினார். “சேர் படிச்ச ஆள். சேரே சொல்லட்டும், தேன் மாதிரி இல்லையோ?”

கடலைக் குடித்தது போலிருந்தது.

“ஓம், நல்ல தண்ணி” என்றேன்.

மனைவி ஒரு மிடறு குடித்துத் துப்பினாள். “உப்பு. எனக்கு இந்த வீடு வேண்டாம்.”

அவள் வெளியேறியதும் தரகர் உண்மையான கவலையுடன் கேட்டார்: “நான் விக்கிறவன், பொய் சொன்னனான். வாங்கிற நீங்கள் ஏன் சேர் சொன்னனீங்கள்?”

தரகரின் கரைச்சல் தாங்காமல் ஒளிகிறவர்கள் ஊரில் பலர். அவரைக் கண்டு வெட்கத்தில் ஒளிகிறவன் நான் ஒருவன்தான்.