பழைய அட்டையில் அழியாத குங்குமம்

ஆசையாக வாங்குகிறவரிடம் அது போலி என்று சொல்லலாமா? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேற்று கும்பகோணத்துப் பழம்பொருள் கடையில், துபாயிலிருந்து வந்திருக்கும் என் தம்பி, புது வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு பழைய புத்தக அட்டையை எடுத்தான். அதன் மூலையில் சரஸ்வதி பூஜையில் வைத்த குங்குமப் பொட்டு.

விரலை நனைத்துத் தேய்த்தேன். ஒட்டவில்லை. பொட்டையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்.

"அந்தக் காலத்துக் குங்குமம் அப்படித்தாங்கம்மா, அழியாது" என்றார் கடைக்காரர்.

"போலிடா, வேண்டாம்" என்றேன்.

"உனக்கு மாப்பிள்ளை பாத்தப்பவும் இப்படித்தான்க்கா தேய்ச்சுப் பாத்தே!" என்று சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டான்.

இன்று கிரகப்பிரவேசம். கூடத்தில் மாட்டியிருந்த அட்டையில், அச்சுப் பொட்டின் மேலேயே தம்பி மனைவி நிஜக் குங்குமம் வைத்துவிட்டாள்.

இனி யார் தேய்த்துப் பார்த்தாலும் கையில் ஒட்டும்.