கடைசிக் காட்சிக்கு ஆள் இல்லை

பரமசிவம் அண்ணன் எடுத்த படத்தில் கதாநாயகனுக்கு ஏழு முகம். பெரிய கலைநோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் ஒருவனுக்கு ஏ ஷிப்ட், ஒருவனுக்கு நைட். படம் பிடிக்கிற அன்று யாருக்கு ஓய்வோ அவன்தான் கதாநாயகன். நானும் அதில் ஒரு முகம்.

"மனுசன் ஒருத்தன்தாம்டே, மூஞ்சிதான் மாறும்" என்று அண்ணன் அதையே தத்துவமாக்கிவிட்டார்.

கதை இதுதான். செத்துப்போன ஓவியன் ஒருவன் தன் பாடைக்குப் பின்னாலேயே நடந்து, எதற்கு வாழ்ந்தேன் என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்கிறான். அவன் ஓவியங்கள் கன்வேயர் பெல்ட்டில் போய் நெருப்பில் விழுகின்றன. பெல்ட்டுக்குப் பதில் கோரைப்பாயை இழுத்தோம். ஒன்பது வருடமாக இழுத்தோம். எனக்கு அலுத்துவிட்டது.

மாறாத முகம் ஒன்றே ஒன்று. ஓவியனின் மனைவியாக நடித்த பேச்சியம்மாள் அண்ணி, அண்ணனுடைய நிஜ மனைவி. சொன்னதும் அழுவார், முடிந்ததும் மாவாட்டப் போவார்.

இந்த மாதத்தோடு அண்ணனுக்கு ரிடையர்மென்ட். படம் முழுக்க நடப்பது அவருக்குக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில். காலி செய்வதற்குள் கடைசிக் காட்சியை எடுத்தாக வேண்டும். ஓவியன் பிணமாகக் கிடக்க, மனைவி அழ வேண்டும். படுக்கத்தான் ஆள் இல்லை. "பொணமா படுத்துகினு வந்தீன்னா வூட்டுல சேக்க மாட்டேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

"நானே படுக்கேன்" என்று கேமராவை என்னிடம் நீட்டினார் அண்ணன்.

பிணத்துக்காக வாங்கி வைத்திருந்த பூமாலையை அண்ணி பார்த்தார். "நீங்க கெடக்கதப் பாத்து நான் அழணுமோ? முடியாது. பொண்டாட்டி செத்தான்னு கதைய மாத்துங்க. நான் படுக்கேன்."

அண்ணனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பலாமரத்தடி பெஞ்சில் அண்ணி படுத்தார். மாலையைத் தானே போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அண்ணன் கேமராவுக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுங்கண்ணே" என்றேன்.

எடுக்கவில்லை. கேமராவை முகத்திலிருந்து இறக்கினார். சாவைப் பற்றிப் பேசியே ஒன்பது வருடம் எங்கள் உயிரை எடுத்த மனிதர் அவர். எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

"ஏட்டி பேச்சி, எந்திரி. படம் வேண்டாம்."

அண்ணி அசையவில்லை.

"பேச்சி!" என்று கத்தியேவிட்டார்.

"கத்தாதிங்க" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமல். "செத்த நேரம் கெடக்கேன். இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து பகல்ல நான் படுத்ததே இல்ல."

உள்ளே அடுப்பில் பால் பொங்கித் தீயும் வாசனை வந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. கேமராவை மண்ணில் வைத்துவிட்டு அண்ணன்தான் அடுப்படிக்குப் போனார்.