வேலுத்தாய் எடுத்துக்கொண்ட தேர் நாள்

கணவர் தனுஷ்கோடி இறந்து ஆறு வருஷமாகியும் வேலுத்தாய்க்கு அழகுத்தாய் மேலிருந்த எரிச்சல் ஆறவில்லை. மில்லில் பிட்டராக இருந்த அந்த மனிதர், வாரத்தில் நாலு நாள் ராஜபாளையத்தில் இவள் வீட்டிலும், மூணு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இளைய தாரமான அழகுத்தாயின் வீட்டிலுமாகக் காலத்தை ஓட்டிவிட்டார்.

1991இல் அழகுத்தாயின் மகள் செல்லக்கனி ராஜபாளையத்து மில்லில் வேலை கிடைத்து, அம்மாவோடு அடுத்த தெருவுக்கே குடிவந்தாள். அறுபதைத் தாண்டிய அழகுத்தாய்க்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. உலையை ஏற்றிவிட்டுத் தெருவில் போய் நிற்பாள்.

ஒரு நாள் காலையில் செல்லக்கனி அம்மாவைக் கையில் பிடித்தபடி வந்தாள். "பெரியம்மா, எனக்கு வேற நாதியில்ல. ஷிப்ட் முடியுற வரைக்கும் பாத்துக்கிடுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வேலுத்தாய் வாயெடுத்தாள். அதற்குள் அழகுத்தாய், "அக்கா, சௌக்கியமா" என்று கேட்டபடி முறத்தை இழுத்துப் பருப்பில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாள் பொறுத்த வேலுத்தாய், சுவரிலிருந்த கணவர் படத்தைக் காட்டினாள். "யாருன்னு தெரியுதா?"

அழகுத்தாய் கிட்டப் போய்ப் பார்த்தாள். "மீசை நல்லாருக்கு. உங்க வீட்டுக்காரரா?"

பறித்தவள் பறித்ததையே மறந்துவிட்டாள். பறிகொடுத்தவளுக்கோ ஒரு நாள்கூட மறக்கவில்லை.

"ஆமா, எனக்கு மட்டும்தான்" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "ஒரு ஆடிப்பூரத் தேருக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாவ. கூட்டத்துல நசுங்காம அணைச்சே கூட்டியாந்து, ரெண்டு கை நிறைய வளவி போட்டுவிட்டாவ."

அது அழகுத்தாயின் தேர் நாள். பார்த்தவர்கள் வந்து சொல்ல, வேலுத்தாய் முப்பத்தைந்து வருஷம் புழுங்கிய நாள்.

அழகுத்தாயின் விரல்கள் பருப்பில் நின்றன. நினைவு வந்துவிட்டதோ என்று வேலுத்தாய்க்குத் திக்கென்றது. நிமிர்ந்த கண்ணில் பொறாமைதான் இருந்தது.

"குடுத்துவச்சவ அக்கா நீங்க. என்னைய யாரும் ஒரு தேருக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல."

இதைக் கேட்கத்தான் வேலுத்தாய் இத்தனை காலம் காத்திருந்தாள். கேட்டபிறகு மதியச் சோறு இறங்கவில்லை.

மறுநாளும் அழகுத்தாய் அந்தக் கதையைக் கேட்டாள். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வேலுத்தாய் தொடங்கினாள். 'உன்னை' என்று நாக்கு புரளவில்லை. 'என்னை' என்றே வந்தது. மூணு வருஷம் அப்படியே சொன்னாள். சாயங்காலம் கூட்டிப்போக வரும் செல்லக்கனியும் சில நாள் நின்று கேட்பாள்.

காய்ச்சலில் கிடந்து அழகுத்தாய் போய்ச்சேர்ந்த பதினாறாம் நாள், வேலுத்தாய் செல்லக்கனியைத் தனியே கூப்பிட்டாள். "அந்தத் தேருக்குப் போனது உங்கம்மாதான் தாயி. நானில்ல."

செல்லக்கனி எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "தெரியும் பெரியம்மா. அம்மா நல்லாருக்கையில எத்தனையோ தடவ சொல்லிருக்கு."

வேலுத்தாய் அவள் பக்கத்தில் குனிந்து, அடுத்த இலையை எடுத்தாள்.