மேசையில் எறும்பு, துடைத்தேன்

பூனைக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த எட்டு மாதங்களில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை முடித்து இரண்டாவதைத் தொடங்கியிருந்தேன். பக்கத்துக்கு ஆறு கட்டம். தேதி, மணி, சாப்பாடு எத்தனை கிராம், இரத்தத்தில் சர்க்கரை, ஊசி எத்தனை யூனிட், குறிப்பு. கடைசிக் கட்டம்தான் அகலமானது. கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதுவேன். வாந்தி, இடி, எதிர்வீட்டு நாய் குரைத்தது, எதுவானாலும். ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக அதையே செய்கிறவளுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது.

சோதிப்பதும் ஊசி போடுவதும் எனக்கும் அவனுக்கும் பழகிவிட்டிருந்தன. காலை ஆறரை, மாலை ஆறரை. மடியில் வந்து உட்காருவான். காது நுனியைத் தேய்த்துச் சூடாக்கி, ஊசி முனையால் ஒரு குத்து. கடுகளவு இரத்தம். மெஷினில் எண் வரும். காதைப் பஞ்சால் துடைத்துவிடுவேன். பிறகு சாப்பாடு, பிறகு இரண்டு யூனிட் ஊசி. பத்து, பன்னிரண்டில் நின்றால் டாக்டருக்குத் திருப்தி. இருபதைத் தாண்டினால் கெடுதல், ஆனால் அது நாள் கணக்கில் செய்யும் கெடுதல். மூன்றுக்குக் கீழே இறங்கினால் உயிர் போக மணிக்கணக்குகூட ஆகாது, உடனே ஈறில் தேன் தடவ வேண்டும். இந்த வித்தியாசத்தை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை, வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அவனை இடித்துவிட்டுப் போய்விட்டது. பின்னங்காலில் எலும்பு விரிசல், தொடையில் நாலு அங்குலக் காயம். கிளினிக்கில் ஓர் இரவு வைத்திருந்து, தையல் போட்டு, கட்டுக் கட்டி, வெள்ளிக்கிழமை மாலை ஊசியையும் அங்கேயே போட்டு, என்னிடம் கொடுத்தார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, நிதானமாகப் பேசுவார். அடிபட்ட உடம்பில் வலியாலும் காயத்தாலும் சர்க்கரை ஏறும் என்றார். சாப்பிடாமல் இருந்தால் இறங்கும் என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், அதனால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள் என்றார். வைக்கும் சாப்பாட்டில் பாதிக்கும் குறைவாகச் சாப்பிட்டால் ஊசியும் பாதி, ஒரு யூனிட் மட்டும். எண் எவ்வளவு காட்டினாலும் சரி. இதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

காலில் கட்டோடு அவன் மடியில் உட்காரவில்லை. தொட்டாலே சீறினான். பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

நான் குடியிருக்கும் ஜெலுத்தோங்கில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அக்கா தமிழ் முஸ்லிம். கணவர் இறந்த பிறகு வீட்டிலேயே ஜாதிக்காயைச் சீவிச் சீனியில் ஊறவைத்துக் காயவைத்து, பொட்டலம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பாலிக் புலாத் தோட்டங்களிலிருந்து காய் மூட்டையாக வந்து இறங்கும். அவருக்கும் இனிப்பு நீர்தான், பதினைந்து வருடமாக. "நானும் தொரையும் ஒரே கட்சி" என்பார். என் பூனையை அவர் தொரை என்றுதான் கூப்பிடுவார், ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானாம்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மக்ரிப் தொழுதுவிட்டு நேராக வந்தார். முகத்திலும் கையிலும் இன்னும் ஈரம் இருந்தது. அவனை ஒரு துண்டில் சுற்றி, தலையை முழங்கைக்குள் அடக்கி, காது நுனியைத் தானே தேய்த்துக் கொடுத்தார். நான் குத்தினேன். 11.6.

"இம்புட்டுத்தானா? என்னை விட நல்லாத்தான் இருக்காரு தொரை" என்றார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை ஆறரைக்கு அவன் முன் அறுபது கிராம் வைத்தேன். முகர்ந்தான், கொஞ்சம் தின்றான், தலையைத் திருப்பிக்கொண்டான். மிச்சத்தை எடைபோட்டேன். முப்பத்திரண்டு. ஆக, தின்றது இருபத்தெட்டு. பாதி என்றால் முப்பது.

அக்காவைக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஒரு கடைக்கு இருநூறு பொட்டலம் கொடுக்க வேண்டியிருந்ததால் விடியற்காலைத் தொழுகை முடிந்ததுமே வேலையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். பிடித்தார், காதைத் தேய்த்தார், நான் குத்தினேன்.

25.9.

"யா அல்லா" என்றார் அக்கா. "என்னா தங்கச்சி இது, இம்புட்டு ஏறிருச்சு?"

"டாக்டர் சொன்னாங்கக்கா, அடிபட்டா ஏறும்னு."

நான் எதிர்பார்த்த எண் அது. அதனால்தான் அதை மறுபடி பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு அளவு திடீரென்று இரண்டு மடங்கு காட்டினால் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இங்கே அந்த எண்ணுக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. இருபத்தெட்டு என்பது முப்பதுக்கு இரண்டு கிராம்தானே குறைவு, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதே இரண்டு கிராம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு ஊசி போட்டேன். இரண்டு யூனிட்.

அக்கா போன பிறகு நோட்டில் எழுதினேன். ஏழேகாலுக்கு மேசைக்கு வந்தபோது, காலையில் காது துடைத்த பஞ்சைச் சுற்றிச் சிவப்பெறும்பு மொய்த்திருந்தது. பஞ்சைக் குப்பையில் போட்டேன். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: மேசையில் எறும்பு, துடைத்தேன்.

ஒன்பதரைக்கு அக்கா மறுபடி வந்து பிடித்தார். 19.2. இறங்குகிறது, ஊசி வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தது. அடுப்பில் பாகு இருப்பதாகச் சொல்லி அவர் ஓடினார். நான் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன்.

பத்து இருபதுக்கு உள்ளே வந்தபோது அவன் படுத்திருந்த பெட்டியை விட்டு வெளியே கிடந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான், கட்டுப் போட்ட கால் பக்கமே சாய்ந்தான். கால்தான் காரணம் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாக இருந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். என் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை.

பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. துணியாகத் துவண்டு கிடந்தான். தனியாகவே குத்தினேன்.

2.3.

சுவரைத் தட்டி "அக்கா!" என்று கத்தினேன். செருப்புக்கூடப் போடாமல் வந்தார். எண்ணைக் காட்டினேன்.

"அது எப்பிடி? இப்பத்தானே பத்தொம்போது? மெஷின் கெட்டுப் போச்சு போல லா. மறுபடி பாரு, மறுபடி பாரு."

அவரே காதைப் பிடித்து அழுத்தித் தேய்த்தார். குத்தினேன்.

16.8.

இரண்டு எண்ணுக்கும் நடுவில் இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒரே பூனை, ஒரே காது. பதினாறு உண்மையென்றால் அவனுக்கு வேறு ஏதோ ஆகிறது, தலையில் பட்ட அடியாக இருக்கலாம், தேன் கொடுத்தால் சர்க்கரை இன்னும் ஏறும். இரண்டு புள்ளி மூன்று உண்மையென்றால் தேன் கொடுக்காமல் நான் நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனைக் கொல்கிறது. கிளினிக்குக்கு அழைத்தேன். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், ஐந்து நிமிடத்தில் அழைப்பார் என்றாள் அங்கிருந்த பெண். ஒரு கருவி இரண்டு எண் காட்டினால் அதன் மேல் சிவப்பு அட்டை ஒட்டி ஓரமாக வைத்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. அட்டை ஒட்ட நேரமில்லை. நான் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெஷினப் பாக்காத, மூஞ்சியப் பாரு" என்றார் அக்கா. "எனக்கு எறங்குனா இப்பிடித்தான். ஒதடு நடுங்கும், யாரு கூப்புட்டாலும் வெளங்காது. ஏறுனா இப்பிடி இருக்காது தங்கச்சி, எனக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டே எச்சிலைத் துடைக்க அவன் வாயருகே விரலைக் கொண்டுபோனார். அவன் நாக்கு வெளியே வந்தது. விரலை நக்கியது. நின்றது. மறுபடி நக்கியது. காலையில் பாதிச் சாப்பாட்டிலேயே தலையைத் திருப்பிக்கொண்டவன்.

நான் அந்த விரலைப் பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் வெள்ளையாகச் சீனி.

"அக்கா, கை கழுவுனீங்களா?"

"தொடச்சிட்டுத்தானே வந்தேன்."

"காலைலயும்?"

அவர் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பஞ்சைச் சுற்றி மொய்த்த எறும்புகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. மெஷின் அளந்தது அவன் இரத்தத்தை மட்டுமல்ல. அக்கா தேய்த்த காதில் இருந்த ஜாதிக்காய்ச் சீனியையும் சேர்த்து அளந்திருந்தது. 25.9 அவனுடையதே இல்லை. அந்த எண்ணை நம்பி, பாதிகூடச் சாப்பிடாத பூனைக்கு முழு ஊசி போட்டிருந்தேன்.

தேனை எடுத்து வந்து ஈறில் தடவினேன். வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். விரலால் கொஞ்சம், நிறுத்தி, மறுபடி கொஞ்சம். பல் என் விரலில் பதிந்தது. அக்கா எழுந்து போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து அவன் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டார்.

"என் கையாலேயே தொரையக் கொல்லப் பாத்தேனே."

"ஊசி போட்டது நான்கா."

நான் கையைக் கழுவி, அவன் காதை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, பத்து நாற்பத்தொன்றுக்குப் பார்த்தேன். 3.4. தலை ஆடுவது குறைந்திருந்தது. அப்போதுதான் டாக்டர் அழைத்தார். சொன்னேன். உடனே கொண்டு வாருங்கள், வழியெல்லாம் தேன் தடவிக்கொண்டே வாருங்கள் என்றார்.

காடியை எடுத்தேன். அக்கா முன் சீட்டில், அவன் அவர் மடியில், தேன் பாட்டில் அவர் முழங்கால்களுக்கு நடுவில். சனிக்கிழமை பாசாரில் காய்கறி வாங்க வந்த கூட்டம், ஒவ்வொரு சிக்னலிலும் நின்றோம். நான் ரோட்டைப் பார்த்தபடி "மூச்சு விடுறானா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். அக்கா ஒவ்வொரு தடவையும் "விடுறாரு, விடுறாரு, நீ நேராப் பாத்து ஓட்டு" என்றார். நாலாவது தடவை "கடிக்கிறாரு லா, ஆள் நல்லாத்தான் இருக்காரு" என்றார். குரல் அழுதுகொண்டிருந்தது.

கிளினிக்கில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் நோட்டைக் கேட்டார். எட்டு மாதமாக அந்த நோட்டைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவரை நான் கண்டதில்லை என்று சொல்லி வந்தவர். சனிக்கிழமை வரியில் விரலை வைத்தார். சாப்பாடு 28. ஊசி 2. மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எண் எவ்வளவு காட்டினாலும் என்று சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், இரண்டு கிராம்தான் குறைவு என்று நினைத்தேன் என்று. அவர் விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. இது என்ன என்று கேட்டார். "எறும்பு" என்று மலாயில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, இனி யார் பிடித்தாலும் கையும் காதும் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு குத்துங்கள் என்றார். மாலை ஊசி, பாதிக்கு மேல் தின்றால் மட்டும், அதுவும் ஒரே யூனிட்.

நாலரைக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஆறு மணிக்கு அறுபது கிராம் வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், நின்று பார்க்க முடியவில்லை. கிண்ணம் தரையில் உரசும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. மிச்சத்தை எடைபோட்டேன். முப்பத்தொன்று. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்துச் சேர்த்து மறுபடி போட்டேன். முப்பத்தொன்றேதான். தின்றது இருபத்தொன்பது.

ஆறு இருபத்தெட்டுக்கு வெளிக்கதவில் ஏதோ இடித்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா இரண்டு கையையும் முழங்கை வரை கழுவி, எதிலும் படாமல் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் கதவத் தொற தங்கச்சி. தொழுகைக்கு ஒளு எடுக்குறப்பகூட நான் இம்புட்டு நேரம் கழுவுனது இல்ல. தொரை சாப்பிட்டாரா?"

"இருபத்தொம்பது."

அவருக்குக் கணக்குத் தெரியும். "ஒரு கிராம்தானே" என்றார், பிறகு தானே வாயை மூடிக்கொண்டார்.

கை காயும் வரை இருவரும் நின்றோம். பிடித்தார். குத்தினேன். 14.7. துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன், அவன் சீறினான். 14.3.

மேசையில் ஊசிக்குழாய் உறை பிரிக்காமல் கிடந்தது. நோட்டில் எழுதினேன்: சாப்பாடு 29. சர்க்கரை 14.7, 14.3. ஊசி போடவில்லை. குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காது துடைத்த பஞ்சை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் எறும்பும் வரவில்லை. அதை எழுதினேன்.